முப்பத்திரண்டு டிகிரி

கோடைக்கு மட்டும் தோட்டத்தில், பிரித்து மடிக்கிற நீச்சல் குளம் வைக்கிறவர்கள் ஹீட்டரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், பம்பை மறந்துவிடுகிறார்கள். குளத்துத் தண்ணீர் முழுவதும் நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டிக்குள் போய்வர வேண்டும். அதற்கேற்ற பம்பை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஹீட்டருக்கு வரவேண்டும். முப்பத்தொரு வருடம் யூலாந்தில் வீடு வீடாகப் போய் சூடேற்றும் கருவிகளைப் பொருத்தியவன் சொல்கிறேன். நடந்ததை என் சொந்த வார்த்தையில் எழுதித் தரும்படி கேட்டீர்கள். போலீஸில் இருப்பவர்களும் தோட்டத்தில் குளம் வைப்பார்கள் என்பதால் இதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் மனைவி லிஸ்பெத்துக்கு மார்ச் மாதம் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது காலும் கையும் விழுந்துவிட்டன. முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் கால் பழகிவிட்டால் நடந்துவிடுவாள், விட்டால் கஷ்டம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பயிற்சி கொடுக்க வந்த சிக்னே என்ற பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தினமும் தண்ணிக்குள்ள நின்னு காலை அசைக்கணும், தோர்கில். தண்ணி முப்பத்திரெண்டு டிகிரி இருக்கணும். சில்லுன்னு இருந்தா தசை இறுகிடும், அப்புறம் பண்றதெல்லாம் வீண்."

ஊர் நீச்சல் கூடத்தைக் கோடைக்கு மூடிவிட்டார்கள். நானே தோட்டத்தில் குளம் வைத்துவிடுகிறேன் என்றேன். சிக்னே என்னைக் கட்டிக்கொண்டாள். இப்படி ஒரு கணவன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்று லிஸ்பெத்திடம் சொல்லிவிட்டுப் போனாள்.

பம்பில் நான் குறையே வைக்கவில்லை. நல்ல மணல் வடிகட்டியோடு வாங்கினேன். ஒரு சருகு மிதந்து பார்த்ததில்லை. பதினாறாயிரம் லிட்டரை எங்கள் ஊர்க் காற்றில் முப்பத்திரண்டில் நிறுத்தப் பன்னிரண்டு கிலோவாட் வெப்பப் பம்பு வேண்டும். நான் பொருத்தியது மூன்று கிலோவாட்.

வெப்பப் பம்பு காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற கருவி. பகல் வெயிலில் நன்றாக வேலை செய்யும், ராத்திரிக் குளிரில் திணறும். அதனால் ராத்திரியில் மட்டும் ஓட வைத்தேன். மின்சாரம் அப்போதுதான் மலிவு என்றேன். இந்த நாட்டில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை. எங்கள் தெருவில் பாதித் துணி விடியற்காலை மூன்று மணிக்குத்தான் துவைக்கப்படுகிறது. தண்ணீருக்குக் கொஞ்சம் காற்று வேண்டும் என்று சொல்லிக் குளத்தின் மூடியையும் ராத்திரியில் எடுத்துவைத்தேன். தண்ணீருக்குக் காற்று வேண்டியதில்லை. குளம் இருபத்துநான்கைத் தாண்டவில்லை.

மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். உள்ளே எண்கள் போட்ட அட்டை இருக்கும். அதை எட்டு டிகிரி தள்ளி ஒட்டினேன். கை வேலை எனக்கு எப்போதும் சுத்தம்.

"சில்லுன்னு இருக்கு, தோர்கில். கால் மரக்கட்டையா போயிடுது," என்றாள் லிஸ்பெத், முதல் நாளே.

"முப்பத்திரெண்டு காட்டுதும்மா. நீயே பாரு. உன் நரம்பு இன்னும் சரியாகல. சூடு எது குளிர் எதுன்னு கொஞ்ச நாள் குழம்பும்னு டாக்டரே சொன்னாரே."

"இடது காலும்தான் குளிருது."

"அது வலது காலைப் பாத்துப் பயந்துபோயிருக்கு."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கக்கூடிய விஷயம்தான்.

சிக்னே வரும்போதெல்லாம் தெர்மாமீட்டரைத்தான் பார்த்தாள், தண்ணீரில் கை வைக்கவில்லை; ஜூலை முழுவதும் விடுமுறையில் போய்விட்டாள். ஜூலையில் இங்கே நோயைத் தவிர எல்லோரும் விடுமுறையில் போவார்கள். பக்கத்து வீட்டு ஹோல்கர் மட்டும் ஊரில் இருந்தார். ஜனவரியில் பனிக்கட்டியை உடைத்துக் கடலில் முழுகுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். லிஸ்பெத் தண்ணீரில் இருந்த நேரமாகப் பார்த்து அவரை வேலியோரம் கூப்பிட்டு, குளத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"யப்பா, இது குளமா சூப்பா? உருளைக்கிழங்கைப் போட்டா வெந்துடும் போல இருக்கே," என்றார் ஹோல்கர். மனமறிந்து பொய் சொல்லாத மனிதர்.

லிஸ்பெத் அன்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சுக்கோ. நீ இவ்வளவு பாடுபடற, நான் நொய் நொய்னு குறை சொல்லிட்டே இருக்கேன்."

பரவாயில்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் குளிரைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். நான் தூக்கி வெளியே கொண்டுவந்து, துண்டில் சுற்றி, பாதத்தைத் தேய்த்து, காபியும் லவங்கப்பட்டை ரொட்டியும் ஊட்டுவேன். இருபத்தெட்டு வருடக் குடும்பத்தில் நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் என்று கேட்டீர்கள். பிப்ரவரியில் ஒருநாள் காலை, கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஆர்ஹூஸ் டவுன்ல ஒரு வீடு பாத்திருக்கேன். ஏப்ரல்ல போயிடுவேன். உன்மேல கோபமெல்லாம் இல்ல, தோர்கில். எனக்கு இங்க மூச்சு முட்டுது." அந்த வீடு மூன்றாவது மாடியில் இருந்தது, லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்த அடுத்த வாரமே வீட்டுக்காரருக்கு நான் கடிதம் எழுதி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடக்க முடியாதவளுக்கு மூன்றாவது மாடி எதற்கு. நடந்துவிட்டால் அந்த மாடி எதற்கு என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஆகஸ்ட் கடைசியில் அவளுடைய அக்கா மெரேட்டே வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள். குளத்தில் நின்ற தங்கையின் உதடு நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்தாள். நேராக உள்ளே போனாள். இறைச்சி வெந்ததா என்று குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டரை எங்கள் அலமாரியிலிருந்தே எடுத்து வந்து தண்ணீரில் விட்டாள்.

"இருபத்திநாலு."

அது அடுப்புச் சூட்டுக்கு உள்ள கருவி, இதற்கெல்லாம் சரியாகக் காட்டாது என்றேன்.

"இருபது வருஷமா இந்த மாதிரிக் கம்பியை வச்சுத்தான் பன்னி வறுக்கிறேன். இது ஒருநாளும் என்னை ஏமாத்தினதில்ல, தோர்கில்."

லிஸ்பெத் தன் இடது கையை வெளியே எடுத்து, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ என் தோல் பொய் சொல்லல," என்றாள். பிறகு அழுதாள். எவ்வளவு குளிர்ந்தபோதும் அவள் அழுததில்லை.

அன்றைக்கே கிளம்பிவிட்டார்கள். சக்கர நாற்காலியை மடிக்க மெரேட்டேவுக்குத் தெரியவில்லை, நான்தான் மடித்துக் காரில் ஏற்றிக் கொடுத்தேன். நடக்க முடியாதவள் போகமாட்டாள் என்பதுதான் என் கணக்கு. வாழ்க்கையில் நான் தப்பாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

வலது கால் இனிமேல் வராது என்ற டாக்டர் சான்றிதழை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் மறுக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன். பன்னிரண்டு கிலோவாட் கருவியையும் மே மாதமே, அதே நாளில், அதே கடையில் வாங்கியிருந்தேன். சரியான சாமான் வாங்காமல் திரும்பிவர என்னால் முடியவில்லை. அது தொழில் பழக்கம். கோடை முழுவதும் அது கராஜில், குளிர்கால டயர்களுக்குப் பின்னால், பெட்டி பிரிக்காமல் இருந்தது.

இப்போது அக்டோபர். தெருவில் எல்லோரும் குளத்தைப் பிரித்து மடித்து வைத்துவிட்டார்கள். நான் பிரிக்கவில்லை. பெரிய கருவியை மாட்டிப் பகலில் ஓட்டுகிறேன், ராத்திரியில் மூடி போடுகிறேன். தண்ணீர் முப்பத்திரண்டு. புதுத் தெர்மாமீட்டரிலும் பார்த்தேன், இறைச்சிக் கம்பியிலும் பார்த்தேன். லிஸ்பெத்தைப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள். அவளால் தனியாக அதில் இறங்க முடியாது. தூக்கி இறக்க ஓர் ஆள் வேண்டும், அது யார் என்று அவளுக்குத் தெரியும்.