ஏழு அங்குலக் குதிகால்

பேஸ் கித்தார் வாசிப்பவனின் படத்தை எந்தப் பெண்ணும் படுக்கையறைச் சுவரில் ஒட்டிக்கொள்வதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, மிஸ் ஹார்ட்ரி. வீட்டுக்குக் கடைக்கால் போட்டவனின் பெயரையும் யாரும் விசாரிப்பதில்லை. டேப் ஓடுகிறதா? ஓடட்டும். எங்கள் குழுவைப் பற்றிப் புத்தகம் எழுதும் நீங்கள், நார்மன் எப்படிச் செத்தான் என்று கேட்கத்தான் நார்தாம்ப்டன்வரை ரயிலேறி வந்திருக்கிறீர்கள். அதற்கு முன் என் வாசிப்பைப் பற்றி நாலு கேள்வி கேட்டது மரியாதைக்குத்தான் என்று தெரியும். இருந்தாலும் கேட்டீர்களே.

எங்கள் ஊரில் பிறந்தவன் பூட்ஸ் செய்வான். இல்லாவிட்டால் பூட்ஸ் செய்பவனின் மகளைக் கட்டுவான். நான் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் குதிகால் பொருத்தினேன். சனிக்கிழமைகளில் தொழிலாளர் கிளப்புகளில் பேஸ். நாங்கள் நாலு பேர், நாலு தாடி. ப்ளூஸ் என்ற பெயரில் மிசிசிப்பிக்காரர்களின் துக்கத்தை எங்கள் துக்கம்போலப் பாடிக்கொண்டிருந்தோம். கேட்டவர்கள் பீர் குடித்தார்கள்.

எழுபத்தொன்றில் மேலாளராக வந்த பேசில் க்ரவுச் அந்தத் துக்கத்தை ஒரே நாளில் தீர்த்துவைத்தார். தாடியை எடுங்கள், கண்ணுக்கு மை தீட்டுங்கள், சாட்டின் போடுங்கள் என்றார். குழுவுக்கு 'ஜிகினா பிஷப்புகள்' என்று பெயர் வைத்தார். மீன் வறுவல் கடையில் மாவு கலக்கிக்கொண்டிருந்த எங்கள் பாடகன் நார்மன் ஃப்ளட்கேட் மறுவாரம் 'செலஸ்டீன்' ஆனான். தான் நிலவில் பிறந்ததாகப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தான். பேட்டி நடக்கும்போதே அவன் அம்மா சமையலறையிலிருந்து, "நார்மன் கண்ணு, பட்டாணி ஆறிப்போவுது, வந்து தின்னுட்டுப் போயி நெலாவப் பத்திப் பேசு" என்று கூப்பிட்டதை நானே கேட்டேன். டிரம் அடித்த ரெஜ் கல்லிமோர் ஆறடி மூன்றங்குலம். அவன் கன்னத்து ஜிகினாவைத் துளைத்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் மயிர் முளைத்துவிடும்.

பூட்ஸ் மட்டும் நான் செய்தேன். இசைத்தட்டு விற்பனைத் தரவரிசைப் பட்டியலில் நாங்கள் ஏற ஏறக் குதிகாலும் ஏறியது. முதல் பாட்டு இருபத்திரண்டாம் இடம், மூன்று அங்குலம். இரண்டாவது ஒன்பதாம் இடம், ஐந்து அங்குலம். தொலைக்காட்சியில் தோன்றியபோது என் கித்தாரில் கம்பிவடமே சொருகியிருக்கவில்லை. இசைத்தட்டு ஓடும், நாங்கள் வாயசைப்போம், அதுதான் அங்கே வழக்கம். காமிரா என்னை நான்கு விநாடி காட்டியது. அதில் மூன்று விநாடி என் பூட்ஸ்.

எழுபத்து மூன்று செப்டம்பரில்தான் எனக்கு விஷயம் புரியத் தொடங்கியது. நான் அறைக்குள் நுழைந்தால் நார்மனும் க்ரவுச்சும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருமுறை என்றால் தற்செயல். நான் ஏழுமுறை எண்ணினேன். பிறகு க்ரவுச் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார், கூடவே ஒரு பன்னும். ஒரு மேலாளர் காரணமில்லாமல் பன் வாங்கிக் கொடுத்தால் விவரமுள்ளவன் தின்னமாட்டான். நான் தின்றேன், ஆனால் யோசித்துக்கொண்டே தின்றேன். "கையெல்லாம் எப்படிடா இருக்கு, க்ளிஃப்?" என்று விசாரித்தார். பேஸ்காரனின் கையைப் பற்றி மேலாளர் விசாரிப்பது, கிழவனின் மூச்சைப் பற்றி வாரிசு விசாரிப்பது மாதிரி.

அக்டோபரில் கேவின் என்றொருவன் ஒத்திகைக்கு வந்து மூலையில் உட்கார்ந்தான். நீளமான விரல்கள். என்னையே பார்த்தான், குறிப்பாக நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டும்போது. யார் இவன் என்று கேட்டேன். "சும்மா, நம்ம ஆளுதான்" என்றான் நார்மன். சும்மா வருகிறவன் அப்படி, பேஸ் வாசிக்கிறவன்போல, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரமாட்டான். அடுத்த வாரம் கதவுக்கு அந்தப் பக்கம் நார்மனின் குரல் கேட்டது.

"க்ளிஃப்கிட்ட இப்ப வாயத் தொறக்காத. கிறிஸ்துமஸ் முடியட்டும். முன்னாடியே தெரிஞ்சா அவன் மூஞ்சத் தூக்கி வெச்சுக்குவான்."

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அதைத்தான் நானும் நினைத்தேன். தொழிற்சாலை மேஜைக்குத் திரும்பிப்போவதை நினைத்தேன். ஜிகினா ஒட்டிப் பழகிய முகத்தோடு அங்கே யாரும் திரும்பியதில்லை.

மூன்றாவது பாட்டு 'சந்திரனின் மாப்பிள்ளை' இரண்டாம் இடத்துக்கு வந்தது. நார்மன் ஏழு அங்குலம் கேட்டான். ஏழு ஆபத்து என்று நான் சொன்னதை ரெஜ் கேட்டிருக்கிறான். பின்னால் மரண விசாரணையில் அவனே எனக்காக அதைச் சொன்னான். "மீனுக்கு மாவு கலக்குனவன்டா நானு. வழுக்குற தரையில பத்து வருசம் நின்னுருக்கேன்" என்று நார்மன் சிரித்தான். குதிகாலை பூட்ஸின் அடித்தோலோடு பிடிக்க ஒரு நீளத் திருகாணியும் சுற்றிலும் ஆணிகளும் வேண்டும். வலது காலுக்கு எல்லாம் போட்டேன். இடது காலில் திருகாணி குட்டை. ஆணிக்குப் பதில் பசை. அதன்மேல் வெள்ளித் தோல். பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். கணுக்கால் பிசக வேண்டும், சுற்றுப்பயணம் தள்ளிப்போக வேண்டும், அதற்குள் அவர்கள் மனம் மாற வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். நியாயமான எண்ணம்.

அந்தப் பாட்டின் கடைசியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் டேப்புக்காகச் சொல்கிறேன். எல்லா வாத்தியமும் அடங்கும். என் பேஸும் ரெஜ்ஜின் பெரிய டிரம்மும் மட்டும் நிற்கும். செலஸ்டீன் பன்னிரண்டு வெள்ளிப் படிகளில் இறங்கி வந்து, அடியில் சாய்ந்து செத்துப்போவான். பெண் பிள்ளைகள் அழுவார்கள். அவன் கிடக்கும்வரை நான் அதே எட்டு சுரங்களைச் சுற்றிச் சுற்றி வாசிப்பேன். பிறகு நான் ஒரு உயர்ந்த சுரம் கொடுத்தால் எல்லாரும் சேர்வார்கள், அவன் உயிர்த்தெழுவான். ரெஜ், தாளம் தட்டும் என் இடது பாதத்தைப் பார்த்தே அடிப்பான். மற்றபடி என்னை யாரும் பார்க்காத அந்தக் குழுவில், சாவு எவ்வளவு நேரம் என்பதை மட்டும் நான்தான் தீர்மானித்தேன். வழக்கமாக ஒன்றரை நிமிடம்.

கவன்ட்ரியில் டிசம்பர் முதல் சனிக்கிழமை, பிற்பகல் காட்சி. நாலாவது படியில் குதிகால் கழன்றது. நார்மன் மீதிப் படிகளைத் தலையால் இறங்கினான். அரங்கம் அதுவரை இல்லாத அளவுக்குக் கத்தியது; இவ்வளவு நன்றாக அவன் செத்ததே இல்லை. முகம் தரையில் கவிழ்ந்திருந்தது. வாயோரம் சிவப்பாக இருந்ததை நான் பார்த்தேன். க்ரவுச் புதிதாகச் சாயம் வாங்கியிருப்பதாக மற்றவர்கள் நினைத்தார்கள். கித்தார்க்காரன் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டு தலை சீவினான்.

மூன்று நிமிடம் தாண்டியதும் ரெஜ் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "என்னடா இவன், குடும்பம் நடத்துறான் அங்க. எழுப்பி விடு."

"ஜனங்க ரசிக்கிறாங்க," என்றேன். "இன்னொரு சுத்து."

"அவன் விரல்ல என்னமோ துடிப்பு தெரியுதுடா."

"நடிப்பு. அடி."

அவன் அடித்தான். என் பாதத்தைப் பார்த்து அடித்தான். ரெஜ் நல்லவன், பன்னிரண்டு வருஷமாக என் பாதத்தை நம்பியவன். உங்கள் புத்தகத்தில் அவனைப் பற்றித் தப்பாக எதுவும் எழுத வேண்டாம்.

ரத்தம் மூச்சுக்குழலில் இறங்கியதாக டாக்டர் விசாரணையில் சொன்னார். மண்டையில் பெரிய அடி இல்லையாம். முதல் மூன்று நான்கு நிமிடத்துக்குள் யாராவது பக்கவாட்டில் புரட்டிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பானாம். பிஷப்புகளின் காட்சியில் செலஸ்டீன் செத்துக் கிடக்கும்போது மேடைக்கு ஓடிவருவது யாருடைய வேலையும் இல்லை. நீதிபதி இந்தக் கால நாகரிகத்தைக் குறைசொன்னார், இளைஞர்களின் காலணியைக் குறைசொன்னார். குதிகால் தரமற்றது என்றும் ஒரு வார்த்தை சொன்னார். அதுதான் என்னை உறுத்தியது. குட்டைத் திருகாணியோடு அந்தக் குதிகால் மூன்று பாட்டு தாங்கியது, தரமற்றதா?

அடக்கம் முடிந்தபின் க்ரவுச் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே கடைப் பலகையின் வரைபடம்: 'டெபட் அண்ட் ஃப்ளட்கேட், காலணிகள்'. டெபட் என்பது நான். பின்பக்கம் நார்மனின் கோழிக்கிறுக்கல். கேவின் தோல் வியாபாரியின் மகன், வாத்தியம் எதுவும் தொட்டதில்லை. தோல் அவன் தருவான். என் கையால் வாரத்துக்கு எத்தனை ஜோடி முடியும் என்று க்ரவுச் பார்த்துச் சொல்வார். "க்ளிஃப் அவன் பாட்டுக்கு பேஸ் வாசிக்கட்டும், கூடவே கடை. மொதல்ல சொன்னா கூச்சப்பட்டு வேணாம்பான். கிறிஸ்துமஸ் பரிசா நீட்டிருவோம்."

அதைப் பலமுறை படித்துப் பார்த்தேன். 'அவன் பாட்டுக்கு வாசிக்கட்டும்' என்று, போனால் போகிறது என்பதுபோல எழுதியிருக்கிறான், கவனியுங்கள். ஒருவனை மேடையிலிருந்து இறக்க நினைப்பவன் முதலில் அவனுக்கு ஒரு கடை வைத்துக் கொடுப்பான். நான் சந்தேகப்பட்டதில் தவறில்லை என்பதற்கு அந்த உறையே சாட்சி. க்ரவுச் அன்று அழுதார். அதையும் நான் நம்பவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். கீழே விழவைத்தது என் பூட்ஸ். சாகவைத்தது என் பேஸ். இரண்டும் நான் செய்தது, இரண்டும் தெரிந்து செய்தது. போலீஸுக்கு நீங்களே போன் செய்யலாம், கூடத்தில் இருக்கிறது. அதற்குமுன் ஒன்று மட்டும். அந்தப் பிற்பகலை யாரோ ஒரு பெண் சின்ன டேப்பில் பதிவுசெய்திருக்கிறாள், ரசிகர்களிடம் இன்றும் பிரதி கிடைக்கிறது. கூச்சலைத் தள்ளிவிட்டு அடியில் கேளுங்கள். ஆறு நிமிடம் பத்து விநாடி, ஒரு சுரம் முந்தவில்லை, ஒரு சுரம் பிந்தவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர்கூட அதைப் பாராட்டி எனக்கு எழுதியதில்லை.