அஞ்சு சென்றி, மூண்டு போத்தல்

டொக்டர்: இன்னும் கொஞ்சம் திறங்க தம்பி... இன்னும்... ஆ, காணும். சீதேவியக்கா, அந்த ரோச் லைற்ற இஞ்சால பிடிங்க.

சீதேவி: பிடிச்சுக்கொண்டுதானே ஐயா நிக்கிறன். கரண்டு வந்து எத்தின நாளாச்சு... முருகா! இதென்ன ஐயா, முன்பல்லு நாலும் கரிச்சட்டி மாதிரி?

ரத்தினம்: ஆ... ஆ...

டொக்டர்: வாய மூடிட்டுக் கதைங்க தம்பி.

ரத்தினம்: கரிச்சட்டி அளவுக்கு இல்ல அக்கா.

சீதேவி: நீங்க உள்ளுக்க இருந்து பாக்கிறீங்க. நான் வெளியால நிண்டு பாக்கிறன்.

டொக்டர்: பேர் நல்லரத்தினம். ஊர் கல்குடா. வயசு இருபத்தேழு... நான் இந்த ஆசுபத்திரிக்கு மாற்றலாகி வந்து மூண்டு மாசம். இருபத்தேழு வயசில இப்பிடி ஒரு வாய் நான் காணல்ல. வெத்திலை போடுவீங்களா?

ரத்தினம்: இல்ல டொக்டர்.

டொக்டர்: பீடி? சுருட்டு?

ரத்தினம்: அதுவும் இல்ல.

சீதேவி: கசிப்பு?

டொக்டர்: அக்கா, கேள்வி நான் கேக்கிறன். நீங்க லைற்றப் பிடிங்க.

சீதேவி: கேளுங்க ஐயா. நீங்க அதக் கேக்காம விட்டிருவீங்களோ எண்டுதான்...

ரத்தினம்: கசிப்பு வாயில வச்சதே இல்ல அக்கா. எந்தக் கோயிலடியில எண்டாலும் சத்தியம் பண்ணுவன்.

சீதேவி: சத்தியத்துக்கென்ன தம்பி, போதையில நிண்டும் பண்ணுவாங்க.

டொக்டர்: அக்கா!

சீதேவி: சரி சரி. நான் பறையல்ல.

டொக்டர்: என்ன தொழில் செய்யிறீங்க?

ரத்தினம்: சர்பத்து விக்கிறன். சைக்கிள்ல கட்டிக்கொண்டு பனிச்சங்கேணிப் பக்கம் போவன். வயல் வட்டையில வேளாண்மை வெட்டுற ஆக்கள், களப்பில வலை இழுக்கிற ஆக்கள்... வெயிலுக்க நல்லா ஓடும்.

டொக்டர்: ஆ! அப்ப விக்கிறதை விடக் குடிக்கிறது கூட.

ரத்தினம்: ஐயோ, எனக்கு இப்ப சர்பத்தெண்டாலே குமட்டும் டொக்டர்.

டொக்டர்: எனக்கிட்டப் பொய் சொல்லாதீங்க. இது சீனியும் புளியும் திண்ட பல்லு. இஞ்ச பாருங்க, முரசுச் சதையோட ஒட்டின இடமெல்லாம் அரிச்சுப்போய்க் கிடக்கு. ஒரேயடியாக் குடிச்சு முடிக்கிற ஆளுக்கு இவ்வளவு வராது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சுற ஆளுக்குத்தான் இப்பிடி வரும்.

ரத்தினம்: நான் உறிஞ்சுறதில்ல... உறிஞ்ச வைக்கிறாங்க.

டொக்டர்: ஆரு?

ரத்தினம்: சென்றியில. றோட்டில மறிச்சுச் சோதிக்கிற இடத்தில.

சீதேவி: என்ன சொல்லுறீங்க தம்பி?

ரத்தினம்: போத்தலுக்க இருக்கிறது பெற்றோலா, நஞ்சா எண்டு அவங்களுக்குத் தெரியாதுதானே அக்கா. 'நீ குடிச்சுக் காட்டு, மறுகா போ' எண்டுவாங்க. குடிச்சுக் காட்டுறன்.

டொக்டர்: ஒரு மிடறுதானே?

ரத்தினம்: ஒரு போத்தலுக்கு ஒரு மிடறு. சிவப்பு, பச்சை, மஞ்சள் எண்டு மூண்டு நிறம் வச்சிருக்கிறன். சிவப்பக் குடிச்சாப் பச்சைக்குள்ள நஞ்சில்லை எண்டு என்ன நிச்சயம்? அதால மூண்டிலயும்.

டொக்டர்: எத்தின சென்றி?

ரத்தினம்: அஞ்சு.

டொக்டர்: அஞ்சு மூண்டு பதினஞ்சு...

ரத்தினம்: வரக்குள்ள போத்தலில மிச்சம் இருந்தா அதுக்கும் பதினஞ்சு.

சீதேவி: முப்பது மிடறு! பச்சைப்புள்ளையும் நாளைக்கு முப்பது தரம் பால் குடிக்காது ஐயா.

டொக்டர்: அஞ்சும் ஆமிச் சென்றியா?

ரத்தினம்: மூண்டு ஆமி. அங்கால ரெண்டு இயக்கப் பொடியன்மார்ட.

டொக்டர்: அவங்களுமா குடிக்கச் சொல்லுறாங்க?

ரத்தினம்: அவங்க போத்தலக் குலுக்கிட்டுக் குடிக்கச் சொல்லுவாங்க.

டொக்டர்: நல்லது. இந்த ஒண்டிலயாவது ரெண்டு பக்கமும் ஒத்துப்போறாங்க.

சீதேவி: வாயில வச்சிருந்து அங்கால போய்த் துப்ப ஏலாதா?

ரத்தினம்: விழுங்கிட்டு வாயத் திறந்து காட்டோணும் அக்கா. துப்பினா அதுக்கு வேற விசாரணை.

டொக்டர்: சரி. குடிச்ச பிறகு என்ன செய்வீங்க? தண்ணியால வாய் கொப்புளிக்கிறதா?

ரத்தினம்: அதை விட நல்லாச் செய்யிறன் டொக்டர். மடியில உமிக்கரியும் உப்பும் பொட்டணம் கட்டி வச்சிருக்கிறன். சென்றி தாண்டினதும் ஒரு பத்தைக்குப் பின்னால நிண்டு நறநற எண்டு தீட்டிருவன்.

டொக்டர்: ஒவ்வொரு சென்றிக்கும்?

ரத்தினம்: ஓம். ஒண்டும் விடுறதில்ல.

டொக்டர்: ஐயோ தம்பி... சர்பத்து செய்ததுல பாதிய நீங்கதான் செய்திருக்கிறீங்க!

ரத்தினம்: ஏன்? பல்லுத் தீட்டுறது பிழையா?

டொக்டர்: தீட்டின நேரம் பிழை, தீட்டின சாமானும் பிழை. வீட்டுக்குப் புதுசா சீமெந்துத் தரை போட்டா, அது காயமுந்தித் தும்புத்தடியால கூட்டுவீங்களா?

ரத்தினம்: கூட்டினா வழிச்சுக்கொண்டு போயிருமே.

டொக்டர்: அதேதான். தேசிக்காய்ப் புளி பட்டவுடனே பல்லிட மேல்பக்கம் இளகிப்போய்க் கிடக்கும். வாயில ஊறுற எச்சில்தான் அதை மெல்ல மெல்ல இறுக்கும். அதுக்கு ஒரு மணித்தியாலம் விடோணும். நீங்க அதுக்குள்ள கரியும் உப்பும் போட்டு வழிச்செடுக்கிறீங்க.

சீதேவி: என்ன தம்பி, உங்களுக்கு நீங்களே சென்றி வச்ச மாதிரி இருக்கு.

ரத்தினம்: வெள்ளையாக்கத்தானே அக்கா தீட்டினன்... தீட்டத் தீட்டக் கறுக்குது எண்டு இன்னும் இறுக்கித் தீட்டினன்.

டொக்டர்: எப்ப இருந்து இந்தத் தீட்டு?

ரத்தினம்: மூண்டு மாசமா. கலியாணப் பேச்சு வந்த பிறகு.

சீதேவி: ஓ... கலியாணமா? பொண்ணு எந்த ஊர்?

ரத்தினம்: கிட்டத்தான் அக்கா. நல்லாக் கிட்ட.

சீதேவி: ம்... சரியாகிட்டா?

ரத்தினம்: எங்க சரியாகிற? வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை பாக்க வாறாங்க. அதுக்குள்ள ஆரோ போய்ப் பத்த வச்சிட்டாங்க. 'அவன்ட பல்லப் பாத்தீங்களா, அது கசிப்புக் குடிச்ச பல்லு' எண்டு. தரகர் வந்து சொன்னார், தாய்க்காரி பின்வாங்குறாவாம்.

சீதேவி: பின்வாங்கத்தானே செய்வா. பெத்தவ.

ரத்தினம்: அவவில பிழை இல்ல அக்கா. அந்தப் பொட்டையிட தகப்பன் கசிப்பாலதான் செத்தவராம். பதினொரு வருசம் அந்த மனிசி ஒத்தையா நிண்டு வளத்தெடுத்த புள்ள. குடிகாரனுக்குக் குடுக்கிறதை விடக் குடுக்காமலே வச்சிருப்பன் எண்டு சொன்னாவாம்.

டொக்டர்: என்ன அக்கா விழுந்தது?

சீதேவி: ஒண்டுமில்ல ஐயா... கிண்ணம் வழுக்கிட்டு.

டொக்டர்: கை நோகுதெண்டா இரிங்க.

சீதேவி: நான் நிக்கிறன். தம்பி... அந்தத் தாய்க்காரி கடுமையான ஆளோ?

ரத்தினம்: கண்டிப்பான ஆளாம். ஆனா ஞாயமான மனிசியாம்.

சீதேவி: ஆரு சொன்ன?

ரத்தினம்: ஊரே சொல்லுது.

சீதேவி: ஊர் எல்லாத்தையும்தான் சொல்லுது. உங்களையும் சொல்லிச்சுதானே.

டொக்டர்: சரி, விசயத்துக்கு வாங்க. ஒரு பல்லும் பிடுங்கத் தேவையில்ல. பயப்படாதீங்க. நாலையும் வெள்ளையா அடைக்கலாம். ஆனா அதுக்குரிய மருந்து கொழும்பில இருந்து வரோணும். பாதை திறந்திருந்தா மூண்டு கிழமை.

ரத்தினம்: வெள்ளிக்கிழமைக்கு ஏலாதா?

டொக்டர்: ஏலாது.

சீதேவி: அப்ப வெள்ளிக்கிழமை வாயப் பொத்திக்கொண்டு இரிங்க. ஓம், இல்லை எண்டு தலையை மட்டும் ஆட்டுங்க. அடக்கமான மாப்பிள்ளை எண்டு நினைப்பாங்க.

ரத்தினம்: அது ஒரு நாளைக்குச் சரி அக்கா. கலியாணம் முடிஞ்சாப் பெண் வீட்டுலதானே எனக்குச் சீவியம். ஒரே கூரைக்குள்ள மாமிக்கு முன்னால எத்தின வருசத்துக்குச் சிரிக்காம இரிக்கிற?

டொக்டர்: ஹா ஹா... நல்ல ஞாயம்!

ரத்தினம்: மறைச்சு வச்சுக் கட்டினா, நான் குடிக்காட்டியும் அது ஒரு களவுதானே டொக்டர். பிறகு நான் எதச் சொன்னாலும் ஆரு நம்புவாங்க?

டொக்டர்: அப்ப முதல்ல இருக்கிற பல்லக் காப்பாத்துவம். அந்த உமிக்கரிப் பொட்டணத்தை இண்டைக்கே எறியோணும். சென்றியில குடிச்சா உடனே நல்ல தண்ணியால ரெண்டு மூண்டு தரம் கொப்புளிங்க. தீட்டக் கூடாது. காலையில ஒருக்கா, ராவையில படுக்க முந்தி ஒருக்கா, மெத்தெண்ட பிரஷில பேஸ்ற் வச்சு மெதுவா. ராவையில தீட்டின பிறகு தண்ணியத் தவிர ஒண்டும் வாயில வைக்கப்படாது.

ரத்தினம்: தேத்தண்ணியுமா?

டொக்டர்: சீனி போட்ட தேத்தண்ணியும்தான்.

ரத்தினம்: சரி. ஆனா அந்த முப்பது மிடறு?

டொக்டர்: ஸ்ட்ரோவால குடிச்சா முன்பல்லுல படுறது குறையும். கிடைக்காட்டி ஒரு பப்பாசி இலைத் தண்டு.

ரத்தினம்: சென்றியில நிண்டு பப்பாசித் தண்டால உறிஞ்சினா விசரனெண்டு பிடிச்சுருவாங்க டொக்டர்.

சீதேவி: ஏன் தம்பி, சர்பத்தை வீட்டுலயே கரைச்சுக்கொண்டு போகோணுமெண்டு சட்டமா?

ரத்தினம்: பின்ன?

சீதேவி: தேசிக்காய வெட்டாமக் கொண்டு போங்க. சீனியப் பொட்டணமாக் கொண்டு போங்க. போத்தலில வெறும் தண்ணி. வட்டையில போய் இறங்கின பிறகு பிழிஞ்சு கரைச்சுக் குடுங்க. சென்றியில குடிச்சுக் காட்டச் சொன்னா முப்பது மிடறும் தண்ணிதானே!

டொக்டர்: அக்கா... நான் அஞ்சு வருசம் படிச்சும் இது எனக்கு வரல்ல பாருங்க.

ரத்தினம்: நிறம்? சிவப்பு, பச்சை இல்லாட்டிச் சனம் வாங்குமா?

சீதேவி: வெட்டுக்காரன் வெயிலுக்க நிறத்தையா குடிக்கிறான்? கண்ணுக்கு முன்னால பிழிஞ்சு குடுத்தா இன்னும் ரெண்டு பேர் கூட வருவாங்க.

ரத்தினம்: சீனி சென்றியால ரெண்டு கிலோவுக்கு மேல விடமாட்டாங்களே...

சீதேவி: அப்ப இனிப்பக் குறைங்க! குடிக்கிறவங்கட பல்லும் பல்லுத்தானே?

டொக்டர்: முடிஞ்சுது. இனி என்ர தேவை இஞ்ச இல்ல.

ரத்தினம்: இருக்கு டொக்டர். ஒரு உதவி. ஒரு துண்டு எழுதித் தருவீங்களா?

டொக்டர்: என்ன துண்டு?

ரத்தினம்: இந்தப் பல்லு சர்பத்தால போனது, கசிப்பால இல்ல எண்டு. ஊரத் தாண்டப் பாஸ், அரிசி எடுக்க விதானையார்ட துண்டு... எல்லாத்துக்கும் துண்டுதானே. கலியாணத்துக்கும் ஒண்டு இருக்கட்டும்.

டொக்டர்: ம்... எழுதுறன். கேளுங்க. 'கல்குடாவைச் சேர்ந்த நல்லரத்தினம் என்பவரின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும், இனிப்பும் புளிப்பும் கலந்த பானத்தை அடிக்கடி அருந்த நேர்ந்தமையால்...'

சீதேவி: நேர்ந்தமை இல்ல ஐயா. அருந்த வச்சமை.

டொக்டர்: அப்பிடி எழுதினா அடுத்த மாற்றல் எனக்கு அக்கா. '...அருந்த நேர்ந்தமையால் பழுதடைந்துள்ளன.' அவ்வளவுதான்.

ரத்தினம்: கசிப்பு இல்லை எண்டு?

டொக்டர்: அதை நான் எழுத ஏலாது தம்பி. பல்லு எதால போனது எண்டு சொல்லுவன். நீங்க குடிக்கிறவரா இல்லையா எண்டு பல்லு எனக்குச் சொல்லாது.

ரத்தினம்: அந்த ஒரு வரி இல்லாட்டி இந்தத் துண்டால என்ன டொக்டர் பிரயோசனம்? அந்தத் தாய்க்கு வேண்டியதே அந்த ஒரு வரிதானே...

டொக்டர்: எனக்கு விளங்குது. ஆனா பொய்ச்சாட்சி நான் எழுதமாட்டன்.

சீதேவி: தம்பி... ஒண்டு கேக்கட்டா? குடிச்சுட்டு வாய் மணக்க மணக்க ஒருத்தன் அந்தச் சென்றியத் தாண்டலாமா?

ரத்தினம்: தாண்ட ஏலா. கிட்ட வந்து மணந்து பாப்பாங்க. போன மாசம் எனக்கு முன்னால போன ஒரு ஆளுக்குக் கசிப்பு மணந்துட்டு எண்டு அடிச்சு நாலு நாள் வச்சிருந்தாங்க. அங்கால பொடியன்மார் அதை விட மோசம்.

சீதேவி: நீங்க எத்தின வருசமாப் போறீங்க?

ரத்தினம்: மூண்டு வருசம்.

சீதேவி: மூண்டு வருசத்தில ஒரு நாளாவது உங்கள மறிச்சாங்களா?

ரத்தினம்: ஒரு நாளும் இல்ல.

சீதேவி: நாளைக்குப் பத்துத் தரம். மூண்டு வருசம். ரெண்டு பக்கத்தாலயும் வாய மணந்து பாத்து விட்ட ஆள்... இதுக்கு மேல எந்த டொக்டர் ஐயா சாட்சி எழுதோணும்?

டொக்டர்: நான் உங்கட கட்சி அக்கா. ஆனா நம்பவேண்டியது நானோ நீங்களோ இல்லையே. அந்தப் பெண்ட தாயெல்லோ.

சீதேவி: நம்பிட்டா. துண்டக் கிழிச்சுப் போடுங்க ஐயா.

டொக்டர்: உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

சீதேவி: பொட்டையிட தாய் நான்தானே.

டொக்டர்: என்ன!

சீதேவி: நம்பர் துண்டில பேரையும் ஊரையும் கண்டவுடனேயே விளங்கிட்டு. ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நிண்டு கிண்டிப் பாத்தன். மகன், குறை நினைக்காதீங்க. வெள்ளிக்கிழமை நாங்க வாறம். வாயப் பொத்தாம இரிங்க.

ரத்தினம்: நீங்களும் குறை நினைக்காதீங்க மாமி. நீங்க இஞ்ச வேலை செய்யிறது தெரிஞ்சுதான் வந்தனான்... போன ரெண்டு செவ்வாயும் வந்து, நீங்க லீவெண்டதும் பல்லக் காட்டாமலே திரும்பிப் போனனான்.