கரண்டிச் சொண்டு

யூலியட்: மெல்ல நடவும் பிள்ளை. பூசைச் சீலையோடை என்னைச் சேத்துக்கை இறக்கிறதெண்டே முடிவோ?

கோசலா: இஞ்சாலை வாங்கோ அக்கா. கடல் பக்கமாப் போவம். இந்தச் சேத்துக்கரையிலை ஒண்டுமில்லை.

யூலியட்: ஒவ்வொரு ஞாயிறும் இதைத்தான் சொல்லுறீர். கடல் பக்கம் போய் என்னத்தைக் கண்டனாங்கள்? கொக்கு.

கோசலா: அது கொக்கில்லை. நாரை.

யூலியட்: எனக்கு நெடுங்கால் எல்லாம் கொக்குத்தான்... அங்கை, நேவிக்காரன் பாக்கிறான். பைனாகுலரைத் தோளிலை போட்ட சோலுக்குள்ளை வையும்.

கோசலா: அவனுக்கு எங்களைப் பழகிப்போச்சு. போன கிழமை, ‘இன்னும் குருவி வரேல்லையா’ எண்டு கேட்டவன்.

யூலியட்: தமிழிலையோ?

கோசலா: ஓம். கொஞ்சம் கொஞ்சம்.

யூலியட்: நீர் என்ன சொன்னீர்?

கோசலா: தலையை ஆட்டினனான்.

யூலியட்: ஓமெண்டோ, இல்லையெண்டோ?

கோசலா: சும்மா... ஆட்டினனான்.

யூலியட்: உம்மடை வாயிலையிருந்து ஒரு கதை எடுக்கிறதிலும் பாக்க, கிணத்துக்கை விழுந்த வாளியை எடுத்திடலாம். சரி, அம்மா என்ன சொல்லுறா?

கோசலா: அதே கதைதான். கரண்டிச் சொண்டு உள்ளான் குருவியை ஒருக்காக் கண்டு, படத்தைக் கம்பஸிலை படிப்பிச்ச சேருக்கு அனுப்பினா மன்னாரிலை ஆய்வு வேலை. இந்த மாதம் முடியிறதுக்கிடையிலை அனுப்போணும். பிறகு ஏன் இந்த வெளிக்கரையெல்லாம் திரியிறாய் எண்டு...

யூலியட்: அவ சொல்லுறதும் சரிதானே. நான் துணைக்கு வாறன் எண்டபடியாத்தான் விட்டவ. அதுவும் குருவியைக் காணுமட்டும்.

கோசலா: ஓம்... காணுமட்டும்.

யூலியட்: உலகத்திலையே கொஞ்சம்தான் மிச்சமெண்டு சொன்னீர், என்ன?

கோசலா: சில நூறு இருக்கும். ரஷ்யாவின்ரை வடகிழக்கு மூலையிலையிருந்து வருது. கைக்குள்ளை அடங்கிற குருவி.

யூலியட்: அவ்வளவு தூரம் தனியவோ?

கோசலா: இஞ்சை வந்தா மற்ற உள்ளான்களுக்குள்ளை நிக்கும். அதுகளோடை சேந்து மேயும், அதுகள் எழும்ப எழும்பும். ஆனா தன்ரை இனம் ஒண்டும் பக்கத்திலை இராது.

யூலியட்: அப்ப என்னை மாதிரி. பூசையிலை நிறையச் சனம்.

கோசலா: ...மகள் போன் எடுத்தவவோ?

யூலியட்: பாரிசிலை இப்ப விடிஞ்சிராது. பிறகு எடுப்பாள். ‘சாப்பிட்டீங்களோ அம்மா’ எண்டுவாள். நான் ஓம் எண்டுவன். அதோடை சரி.

கோசலா: சாப்பிட்டனீங்களோ?

யூலியட்: ஒருத்திக்கு உலை வைக்கிறதோ? நீர் உம்மடை கதையைச் சொல்லும். கிழமை முழுக்க ஆரோடை கதைக்கிறனீர்?

கோசலா: அம்மாவோடை. கோழியளோடை. என்னோடை படிச்சவை ஒருத்தரும் இப்ப இஞ்சை இல்லை.

யூலியட்: கோழி மறுமொழி சொல்லுமோ?

கோசலா: அம்மாவிலும் பாக்கக் கனக்கச் சொல்லும்.

யூலியட்: ஆ! பகிடியும் வருது... பிள்ளை, நில்லும். அங்கை பாரும்.

கோசலா: எங்கை?

யூலியட்: உடைஞ்ச வள்ளத்துக்கு இஞ்சாலை. தண்ணி விளிம்பிலை. சின்னன் ஒண்டு, தலையைக் குனிஞ்சு அங்கையும் இஞ்சையும் துழாவிக்கொண்டு...

கோசலா: கொசு உள்ளான்.

யூலியட்: வடிவாப் பாரும்.

கோசலா: பாத்திட்டன். கொசு உள்ளான்தான். இஞ்சை கனக்க நிக்கும். வாங்கோ, கடல் பக்கம்...

யூலியட்: பைனாகுலர் சோலுக்குள்ளை கிடக்கு, நீர் பாத்திட்டன் எண்டுறீர். எடும் வெளியாலை.

கோசலா: வெயில் ஏறுது அக்கா.

யூலியட்: ஏறட்டும். அதின்ரை சொண்டு நுனி தட்டை. கரண்டி மாதிரி.

கோசலா: ...இவ்வளவு தூரத்திலை வெறுங்கண்ணுக்குச் சொண்டு தெரியாது. நீங்கள் கண்ணாடியும் போடேல்லை. எப்பிடித் தெரியும்?

யூலியட்: தை மாதம் நேவிக்காரன் உம்மை மறிச்சு அடையாள அட்டை கேட்டவனெல்லோ? பயத்திலை பைனாகுலரை என்ரை சீலைக்குள்ளை செருகிப்போட்டுப் போனீர். நிண்ட நேரத்துக்கு எடுத்துப் பாத்தனான். உந்த வள்ளத்தடியிலைதான் நிண்டது. நீர் போனிலை காட்டின படம் அப்பிடியே.

கோசலா: தையிலையோ...

யூலியட்: ஓம்.

கோசலா: பிறகேன் சொல்லேல்லை?

யூலியட்: சொன்னா நீர் மன்னாருக்குப் போயிடுவீர். நான் பூசை முடியப் போய் என்ரை வீட்டுப் பூட்டைத் திறக்கோணும். அடுத்த ஞாயிறு சொல்லுவம், அடுத்த ஞாயிறு சொல்லுவம் எண்டு... இப்ப பங்குனியும் வந்திட்டுது. குருவியும் போயிடும், உம்மடை வேலையும் போயிடும். அதுதான்... என்னிலை கோவமெண்டா பிறகு கோவியும். இப்ப போனைப் பைனாகுலரிலை வைச்சுப் படத்தை எடும். ஏன் மரம் மாதிரி நிக்கிறீர்? கெதியா! பறக்கப்போகுது!

கோசலா: பறக்காது அக்கா. அதுக்கும் எங்களைப் பழகிப்போச்சு. கார்த்திகையிலையிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுக்குப் பக்கத்தாலைதானே உங்களைக் கடல் பக்கம் கூட்டிக்கொண்டு போறனான்.