ஆட்டுவாசலில் நான் மாட்டிய பூட்டு

மலையை மனத்திலும் மாலையைக் கழுத்திலும் சுமந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர், நமது மலைநடைக் கழகத்தை நிறுவியவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ராயப்பராஜ் ஐயா அவர்களே! முட்டிவலி வந்த பிறகும் மலைக்கு வருவேன் என்று மல்லுக்கு நிற்கும் மூத்தோர்களே! ஞாயிற்றுக்கிழமை அடுப்படியைக் கணவன்மார் கையில் ஒப்படைத்துவிட்டு முன்வரிசை முழுவதையும் பிடித்திருக்கும் அன்னையரே, அக்காமாரே! காக்கிச் சட்டையில் கண்டிப்பையும் அதன் பையில் கொஞ்சம் கருணையையும் வைத்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே! மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ரயிலேறி வந்திருக்கும் இளங்காளைகளே! கூட்டம் முடிந்ததும் கிடைக்கப்போகும் பிரியாணிப் பொட்டலத்தைக் கருத்தில் கொண்டு, கடைசி வரிசையில் கதவோரமாகவே அமர்ந்திருக்கும் கண்ணியவான்களே! உங்கள் எல்லோருக்கும் பூட்டுப் பட்டறை மரியசெல்வத்தின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். இன்னும் செத்த நேரத்தில் நீங்கள் என்மேல் கோபப்படப் போகிறீர்கள். அதற்கு முன் சிரித்து வைப்பது நல்லதுதான்.

எதற்காக இங்கே கூடியிருக்கிறோம்? இந்த இரண்டாயிரத்து நான்கோடு நம் கழகத்துக்குப் பத்து வயது நிறைகிறது. அதைக் கொண்டாடச் சிறுமலைச் சரிவில் இருக்கும் நம் நரிச்சுனைக்கு ஒரே நாளில் எல்லோரும் நடந்துபோய், சுனைக் கரையில் கூடாரம் அடித்து, நம் ரஃபி பாய் கையால் தம் போட்ட பிரியாணியை அங்கேயே உண்டு மகிழ்வது என்று திட்டம். இதுவரை முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். எந்த நாள், எத்தனை மணி என்று அறிவிக்கத்தான் தலைவர் என்னை எழுப்பி விட்டிருக்கிறார். அறிவிக்கிறேன். அதற்கு முன் ஒரு கதை. இந்த மேசையில் சொம்பில் தண்ணீர் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலும் இருக்கிறது. சொம்பைக் குடித்துக்கொள்கிறேன், பாட்டிலைப் பிறகு பார்ப்போம்.

தொண்ணூற்று நான்கில் நாங்கள் ஏழே பேர். முதல் பஸ்ஸில் இறங்கி, ஒருவர் பின் ஒருவராக, முள்ளை விலக்கி, மூச்சை அடக்கி நடந்தோம். பாதை எவ்வளவு அகலம்? ஒரு மனிதனின் அகலம். அதிலும் நம் தலைவர் கொஞ்சம் ஒருக்களித்துத்தான் போக வேண்டும். மேலே ஆட்டுவாசல் என்ற இடத்தில் இரண்டு பாறைகள் நிலைக்கதவு போல நிற்கும். அவற்றுக்கு நடுவே நுழைந்து, வளைந்து வளைந்து கீழிறங்கினால் பள்ளத்தில் சுனை. அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு! அங்கிருந்து வழியும் தண்ணீர் கீழே ஒரு வாழைத்தோட்டத்துக்குப் போகிறது. அந்தத் தோட்டத்து வீட்டில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்தத் தண்ணீர்தான்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வார இதழின் நடுப்பக்கத்தில் நம் சுனையின் வண்ணப்படம் வந்தது. வந்ததா? வந்தார்கள்! கல்லூரியிலிருந்து வந்தார்கள், கம்பெனியிலிருந்து வந்தார்கள், கொடைக்கானலுக்கு என்று கிளம்பிக் கொடைரோட்டில் இறங்க வேண்டியவர்கள்கூடத் திண்டுக்கல்லிலேயே இறங்கி வந்தார்கள். போன ஆண்டு பொங்கல் விடுமுறையில் ஒரே நாளில் நானூறு பேர் ஏறினார்கள் ஐயா! வழுக்குப் பாறையில் வரிசை நின்றது. மலையேறப் போன இடத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்பதற்கு ரேஷன் கடைக்கே போயிருக்கலாமே! சுனையைச் சுற்றி அறுபது கூடாரம். கூடாரத்துக்கு ஒரு அடுப்பு, அடுப்புக்கு ஒரு டேப்ரிக்கார்டர். காட்டின் அமைதியைக் கேட்க வந்தோம் என்று ஒருவர் காதில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அங்கே யாரப்பா கைதட்டுவது? அந்த அறுபது கூடாரத்தில் பதினெட்டு நம்முடையது. சுனையில் சோப்புப் போட்டுக் குளித்தவர்கள் வெளியூர்க்காரர்கள் என்றால், பிரியாணி அண்டாவை அதே சுனையில் தேய்த்துக் கழுவியவர்கள் யார்? ரஃபி பாய் தலையைக் குனிகிறார். நிமிருங்கள் பாய், அண்டாவின் மறுகாதைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான்.

கூட்டத்தைக் குறைக்க வேண்டும். எப்படி? வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பார்கள்; பலகை எழுதியிருப்பார்கள்; முறை வைத்திருப்பார்கள். நாம் திண்டுக்கல்காரர்கள்! நமக்கு எந்தச் சிக்கல் வந்தாலும் முதலில் என்ன தோன்றும்? ஆமாம், சத்தமாகச் சொல்லுங்கள். பூட்டு! வனத்துறை அனுமதியோடு ஆட்டுவாசலின் இரண்டு பாறைக்கும் நடுவே இரும்புக் கதவு நிறுத்தினோம். அதற்கு என் கையாலேயே ஒரு பூட்டுச் செய்தேன். என்ன பூட்டு அது! சாவி தூக்கித் திறக்க உள்ளே ஏழு நெம்புத் தகடு, எடை இரண்டே கால் கிலோ. கள்ளச்சாவி கிட்டே வராது, கம்பி உள்ளே நுழையாது, யானை மிதித்தாலும் யானைக்குத்தான் கால் வலிக்கும். பூட்டைப் பார்த்து நம் தலைவர் கண் கலங்கினார். நானும் கலங்கினேன்.

கதவை வைத்தோம். கதவுக்கு இரண்டு பக்கமும் மலை இருக்கிறது என்பதை மறந்தோம்.

போன ஆண்டு ஆகஸ்டில் கதவு வைத்தோம். புரட்டாசிக்குள் வலப் பாறையைச் சுற்றிக்கொண்டு சுனைக்கு நேர்க்கோடாக ஒரு புதுப்பாதை விழுந்துவிட்டது. வளைவு கிடையாது, நெளிவு கிடையாது. சரிவில் தலைகீழாக இறங்கும் பாதை. ஆயிரம் கால் பட்டது, புல் போனது. ஐப்பசி மழை அடித்தது, பாதை வாய்க்கால் ஆனது. வாய்க்கால் எங்கே போய் முடிந்தது? சுனையில். அவ்வளவுக்கும் நடுவில் என் பூட்டு மட்டும் கதவில் பத்திரமாகப் பூட்டியபடியே இருந்தது.

அந்தப் பாதையை முதலில் போட்டவன் யார்? நாம் எல்லோரும் திட்டினோம். மதுரைக்காரர்கள் என்றோம், கல்லூரிப் பையன்கள் என்றோம், போன ஆண்டுக் கூட்டத்தில் இதே மேடையில் நின்று, அவன் யாரென்று தெரிந்தால் பெயரைப் பலகையில் எழுதி மலையடிவாரத்தில் தொங்கவிடுவேன் என்று நானே முழங்கினேன். நீங்களும் கைதட்டினீர்கள்.

அன்பர்களே, எழுதுங்கள் பலகையை. அவன் பெயர் மரியசெல்வம்.

அமைதி, அமைதி. தலைவர் ஐயா, உட்காருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். கதவு வைத்த முதல் ஞாயிறு. என் பின்னால் இருபத்தாறு பேர். பாதிப் பேர் விடிவதற்கு முன் பஸ் பிடித்து வடமதுரையிலிருந்து வந்தவர்கள். ஆட்டுவாசலில் போய் நின்று சட்டைப் பையில் கைவிட்டால் சாவி இல்லை! கழகத்துப் புதுச் சட்டையைப் போடும் பெருமையில், பழைய சட்டையைச் சாவியோடு பட்டறை ஆணியில் மாட்டிவிட்டு வந்திருக்கிறேன். கீழே போய்த் திரும்ப நான்கு மணி நேரம். பூட்டுச் செய்தவனே பூட்டுக்கு வெளியே நிற்கிறான். இருபத்தாறு பேரும் பார்க்கிறார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது. வலப் பக்கம் பார்த்தேன். புல் சரிவு. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். இதுவும் ஒரு வழிதான் வாருங்கள் என்று ஏதோ திட்டமிட்டதுபோலச் சொல்லி இறங்கினேன். வந்தவர்கள் என்னை நம்பினார்கள்.

ஒரு நாள்தானே! பாதையை அகலமாக்கியது அந்த ஒரு சொல்தான். நான் ஒருத்தன்தானே என்று நானூறு பேர் சொன்னால் நானூறு பேர். ஒரு சோப்புதானே, ஒரு அடுப்புதானே, ஒரு பாலித்தீன் பைதானே! மலைக்குத் தெரியுமா நீ ஒருத்தன் என்று? மழைக்குத் தெரியுமா அது ஒரு நாள் என்று?

கார்த்திகை மாதம் ஒரு காலையில், அந்த வாழைத்தோட்டத்து முத்துப்பேச்சி அம்மாள் என் பட்டறைக்கு வந்தார்கள். இதோ முன்வரிசையில் மூன்றாவதாக அமர்ந்திருக்கிறார்கள். வனத்துறை அலுவலகத்தைத் தாண்டித்தான் என் பட்டறைக்கு வர வேண்டும். அங்கே போகவில்லை, நேராக என்னிடம் வந்தார்கள். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துப் பட்டறை மேசையில் வைத்தார்கள். உள்ளே டீத்தண்ணீர் நிறம்.

“அண்ணே, இதைச் செத்தக் குடிச்சுப் பாருங்க” என்றார்கள்.

மூடியைத் திறந்தேன். மண் வாடை, சோப்பு வாடை. என்னால் வாயருகே கொண்டுபோக முடியவில்லை.

“நாங்க தெனமும் இதைத்தாண்ணே வடிகட்டிக் குடிக்கிறோம். நீங்க இம்புட்டுப் பேரு வாரீக, போறீக. நாங்க எங்கண்ணே போறது?” என்றார்கள். பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பூட்டில் தவறு நேர்ந்தால் உருக்கி மறுபடி வார்த்துவிடுவேன். சுனையை எந்த உலையில் வார்ப்பது? சரக அலுவலரிடம் ஓடினேன். பொங்கல் முடிந்ததும் அவர் பழைய பாதை, புதுப்பாதை இரண்டையும் அடைத்தார். இந்த எட்டு மாதமும் ரஃபி பாயும் நானும் கல் சுமந்து அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே அடுக்கினோம். ஏன் சுமக்கிறோம் என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன் பாய், கல்லை மட்டும் என்மேல் எறிந்துவிடாதீர்கள்!

இப்போது அறிவிப்பு. கதவைக் கழற்றிவிட்டோம். தை பிறந்ததும் பழைய வளைவுப் பாதை மட்டும் திறக்கிறது. ஆனால் முன்னூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நாளில் போகப் போவதில்லை. ஞாயிற்றுக்கு இருபத்து நான்கே பேர். பதின்மூன்று ஞாயிறு, சித்திரைக்குள் எல்லோரும் போய்வந்துவிடலாம். கூடாரம் சுனைக் கரையில் அல்ல, ஆட்டுவாசலுக்கு இந்தப் பக்கம் மொட்டைப் பாறையில். அடுப்பு இல்லை, எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு வாருங்கள். சோப்பு வீட்டில் இருக்கட்டும், ஒரு நாள் குளிக்காவிட்டால் கரடி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. காலைக்கடனுக்குச் சுனையைவிட்டு இருநூறு அடி தள்ளி, ஒரு சாண் குழி வெட்டி, மூடிவிட்டு வாருங்கள். அக்காமார் முகம் சுளிக்க வேண்டாம். மூடாமல் வந்தால்தான் சுளிக்க வேண்டும். கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், முறுக்குப் பொட்டலத்தின் ரப்பர் பேண்டு உட்பட!

பிரியாணி என்னாச்சு என்று கடைசி வரிசை கேட்கிறது. கேட்கும் என்று தெரியும். மலையிறங்கி வந்தால் ரஃபி பாய் கடையில், ஞாயிறுதோறும், சுடச்சுட. அண்டா இனிமேல் மலையேறாது. கடைசி ஞாயிற்றுப் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

முத்துப்பேச்சி அம்மா எழுந்து ஏதோ சொல்கிறார்கள். மைக் எட்டாது, சொல்லுங்கள் அம்மா.

அன்பர்களே, அவர்கள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். “எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. நான் மேக்கால சரிவுல எலுமிச்சங்கா பறிச்சுக்கிட்டு இருந்தேன். மொதல்ல எறங்குனது நீங்கதான். அதனாலதான் பாட்டிலைத் தூக்கிக்கிட்டு வேற எங்கயும் போகல.”

ஒரு வருடம்! தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லாமல், நானாக வாய் திறக்கும் வரை காத்திருந்திருக்கிறார்கள். அம்மா, எனக்கு வெட்கமாக இருக்கிறது. நன்றியாகவும் இருக்கிறது. இதற்கு மேல் எனக்கு மேடைத் தமிழ் வரவில்லை.

இந்தப் பாட்டில் இன்று காலை சுனையில் அவர்கள் மொண்டு வந்தது. கூட்டம் தொடங்கும் முன் என் கையில் கொடுத்தார்கள். நான் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்று குடிக்க முடியாததை இன்று உங்கள் எல்லோர் முன்னாலும் குடிக்கிறேன்.

சோப்பு வாடை இல்லை. மண் மட்டும் கொஞ்சம் ருசிக்கிறது. அது தெளிய இன்னும் ஒரு மழைக்காலம் ஆகும் என்கிறார்கள் அம்மா. காத்திருப்போம்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்க்கும், பொறுத்துக்கொண்ட முத்துப்பேச்சி அம்மாளுக்கும், இன்னும் எழுந்து ஓடாமல் இருக்கும் கடைசி வரிசைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தை மாதம் மலையடிவாரத்தில், இருபத்து நான்கு இருபத்து நான்கு பேராகச் சந்திப்போம். வணக்கம்.