நாலு தட்டு

— கச்சேரியை ரத்து பண்ணிடலாம்னு சொல்றேன். தொண்டை கட்டிக்கிச்சுன்னு எழுதி வாசல்ல ஒட்டச் சொல்லு.

— நல்லாருக்கே கதை! இந்த நிமிஷம் வரைக்கும் கணீர்னுதான பேசிட்டிருக்கீங்க? இருபது நிமிஷத்துல மேடை ஏறணும். மொதல்ல சட்டைப் பட்டனைப் பாருங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு மாட்டியிருக்கீங்க.

— செத்தேன்டி இன்னிக்கு.

— முப்பத்தோரு வருஷமா மேடையில கத்தின மனுஷனுக்கு இருநூறு நாற்காலியைக் கண்டு பயமா?

— அப்ப நாலு பேரா ஏறினோம். இன்னிக்கு நானும் கிடாரும் மட்டும். உனக்கு ஒண்ணு தெரியுமா? இத்தனை வருஷத்துல ஒரு பாட்டைக்கூட நானா ஆரம்பிச்சதில்ல. திரும்பி டிரம்ஸ்ல இருக்கற மச்சானைப் பாப்பேன். அவன் தலையாட்டுவான். குச்சியால டக், டக், டக், டக்னு நாலு தட்டு. அதுக்கப்புறம்தான் எனக்கு வாயே தொறக்கும்.

— தெரியும், தெரியும். போன மாசம் ரேடியோவுல பாடக் கூப்பிட்டாங்களே! கிடாரைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஒரு நிமிஷம் சுவரையே பாத்திருந்தீங்க. கேட்டவங்கல்லாம் கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சாங்க.

— சிரிக்காத. சுவரைப் பாக்கல. பழக்கத்துல அவன் உக்கார்ற பக்கத்தைப் பாத்தேன்.

— அப்ப எங்கண்ணனை விட்டுட்டு வந்திருக்கக் கூடாது.

— ஆரம்பிச்சிட்டியா?

— ஒன்றரை வருஷமா வாயை மூடிட்டுதான் இருந்தேன். குழுவைக் கலைச்சது யாரு? 'எனக்குத் தனியாப் பேர் வேணும்'னு எல்லார் முன்னாடியும் சொன்னது யாரு? தலைக்கனம்னு பத்திரிகையில எழுதினாங்களே, மறுத்து ஒரு வார்த்தை சொன்னீங்களா? எங்கம்மா இன்னும் உங்க முகத்துல முழிக்கறதில்ல.

— ஆமா. தலைக்கனம்தான். விடு.

— அதைக்கூட என் முகத்தைப் பாத்துச் சொல்ல மாட்டேங்கறீங்க.

— விடுன்னா விடேன். இப்ப பேச்சு பாட்டைப் பத்தி.

— பாட்டுக்குத்தான் வழி பண்ணியாச்சே. பழைய டேப்புலேர்ந்து அண்ணன் தட்டினதை மட்டும் வெட்டியெடுத்து உங்க இயர்போன்ல போடறதாச் சொன்னேன்ல? மத்தியானம் ஒத்திகையில கேட்டுச்சா இல்லையா?

— கேட்டுச்சு. அதுலதான் சந்தேகமே.

— இது என்ன புதுசா?

— கடைசிப் பாட்டு என்னோட தனி ஆல்பத்துல வந்தது. குழுவா ஒரு நாளும் வாசிச்சதே இல்ல. அப்புறம் பழைய டேப்புல அதுக்குத் தட்டு எப்பிடி வந்துச்சு? அதுவும் சரியா அந்தப் பாட்டோட வேகத்துல?

— வேற பாட்டுலேர்ந்து எடுத்திருப்பாங்க.

— கதை விடாத. அதை விடு, நாலாவது தட்டு ஒவ்வொரு தடவையும் துளி பிந்துது. மச்சான் தூக்கத்துலகூட அப்பிடித் தட்ட மாட்டான். எவனோ தட்டி ஏமாத்தறான். அவனை நம்பி நான் எப்பிடி மேடை ஏறுவேன்? யாரு அவன், சொல்லு.

— வலது கையால தட்டியிருந்தா பிந்தியிருக்காது.

— என்ன சொல்ற நீ?

— அண்ணனுக்கு வலது கை விரல் மரத்துப்போய், குச்சி பிடிக்க முடியாம ஒன்றரை வருஷம் ஆச்சாம். எங்க முன்னாடி வர்றப்பல்லாம் கை பாக்கெட்டுலதான் இருக்கும். திமிர்னு நெனச்சேன். 'யாரும் என்னைப் பாத்துப் பரிதாபப்படக் கூடாது'ன்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கினானாம். அதான் நீங்க குழுவைக் கலைச்ச பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்களாம். பழைய டேப் இருக்கான்னு கேட்க இன்னிக்குக் காலையில அவன் வீட்டுக்குப் போனேன். உக்காந்து அழுதான்.

— படுபாவி, சொல்லிட்டானா?

— என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? கட்டின புருஷனை ஒன்றரை வருஷமா மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்திருக்கேன். நீங்களா வாயைத் தொறந்து சொல்வீங்களான்னுதான் இப்பக்கூடக் கிளறினேன்.

— சத்தியம் பண்ணிட்டேனேம்மா. சரி, அழாத. மேடைக்கு நேரமாச்சு. அந்த டேப் விஷயத்தைச் சொல்லு.

— டேப்பே கிடைக்கலைங்க. உங்க ஆல்பத்தை வந்த அன்னிக்கே வாங்கி, ஒவ்வொரு பாட்டுக்கும் தொடையில தட்டிப் பழகியிருக்கான். மேடைத் திரைக்குப் பின்னாடி ஒரு ஸ்டூலு, ஒரு மைக்கு, இடது கையில ஒத்தைக் குச்சி. மத்தியானத்துலேர்ந்து அங்கயேதான் உக்காந்திருக்கான். 'இந்தத் தடவை அவன் தலையாட்டட்டும், திரை இடுக்கு வழியாப் பாத்து நான் தட்டறேன்'னு சொல்லச் சொன்னான்.