மூக்கில் கொஞ்சம் களிமண்

— அபாரம், அம்மணி! கதவுகிட்ட நின்னு எறிஞ்ச பொம்மை விமானம் என் கட்டில் கால் வரைக்கும்கூட வரலையே. கோழியைத் தூக்கி எறிஞ்சிருந்தா இன்னும் நாலடி தள்ளி விழுந்திருக்கும்.

— மூக்கைத் தூக்குதுங்க. அந்தரத்துல ஒரு நொடி நின்னுட்டு, பொத்துனு விழுது.

— இறக்கை ஒடிஞ்சுதா?

— இல்ல. விளிம்பு நசுங்கியிருக்கு. பால்சா தக்கை மாதிரி மரம்தானே, நகம் பட்டாலே பள்ளம் விழும்.

— உன் திருக்கரம் பட்டா விழாம என்ன செய்யும்? பாத்திரம் தேய்க்கன்னு ஆண்டவன் படைச்ச கை அது. உப்புத்தாள் போட்டாவது ஒழுங்காத் தேய்ச்சியா?

— தேய்ச்சுட்டேன். ரெண்டு இறக்கையையும் தராசுல வச்சுப் பார்த்தேன். ஒரே எடை. நாலு வருஷமா உங்க பேர்ல போன அத்தனை விமானமும் இந்தக் கை செஞ்சதுதாங்க. பக்கவாதம் வந்து உங்க கை விழுந்தப்புறம் நீங்க எதைத் தொட்டீங்க?

— தொட்டா என்ன, தொடாட்டா என்ன? புத்தி யாரோடது? நீ என் இடுக்கி, அவ்வளவுதான். இடுக்கி எங்கயாவது வாய் பேசுமா?

— சரிங்க. இப்ப என்ன செய்யட்டும், சொல்லுங்க.

— மூக்குல அப்பியிருக்க களிமண்ணுல பாதியைக் கிள்ளி எடு. கனம் ஜாஸ்தி.

— ரெண்டு தடவை எடுத்தாச்சுங்க. எடுக்க எடுக்க மோசமாத்தான் விழுது.

— ஓ, வாத்தியாரம்மா ஆகப் போறோம்கிற மிதப்பு! கட்டின புருஷன் உயிரோட இருக்கேன். பிள்ளைங்களுக்கு விமானம் செய்யச் சொல்லித் தர அந்தப் பள்ளிக்கூடத்துக்காரனுக்கு நீதான் கிடைச்சியா?

— கடுதாசி உங்க பேருக்குத்தான் வந்துச்சு. இதெல்லாம் யார் கையால செஞ்சதுன்னு கேட்டிருந்தாங்க. மூணு வாரம் அதைத் தலையணைக்கு அடியில வச்சுப் படுத்திருந்தீங்க.

— நாளைக்குப் பரீட்சையில பத்து எண்ணற வரைக்கும் காத்துல நிக்கலைன்னா வேலை கிடையாது. ஞாபகம் இருக்கில்ல?

— இருக்கு. அதனாலதான் உங்களைக் கேக்கறேன்.

— சொல்லியாச்சு. எடு, எறி.

— எடுத்துட்டேன். எறியறேன்.

— ஆஹாஹா! இது விமானமா, செத்த குருவியா?

— சிரிக்காதீங்க, புரையேறும். இந்தாங்க, தண்ணி குடிங்க. தலையைத் தூக்குங்க.

— நாளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்து ஊருக்குப் போயி ஊர் கூடி நிக்கறப்ப இதே கூத்தை ஆடப் போறே. பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலையேன்னுதான் வருத்தம். பேசாம எழுதிப் போட்டுடு, எனக்கு இந்தத் தொழில் வராதுன்னு. என் மானமாவது மிஞ்சட்டும்.

— எழுதறேன். அதுக்கு முன்னால கடைசியா ஒண்ணு கேக்கறேங்க. நிதானமா யோசிச்சு சொல்லுங்க. களிமண்ணை எடுக்கணுமா, சேர்க்கணுமா?

— எடுக்கணும்.

— நீங்க தினம் கும்பிடற தெய்வம் சாட்சியா?

— தெய்வம் சாட்சியா! முப்பது வருஷத் தொழில்டி.

— முன்னால கனம் போதலைன்னாதாங்க மூக்கைத் தூக்கும். சேர்க்கணும். நாலு வருஷமா இந்தக் கை உங்களுக்கு வேலை செஞ்சப்ப, கண்ணு சும்மா இருக்கலை.

— தெரிஞ்சேவா இவ்வளவு நேரம் எறிஞ்சே?

— தெரிஞ்சேதான். பரீட்சை நாளைக்கு இல்லை. போன வாரம் அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேனே, அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. பதினெட்டு எண்ணினாங்க. வேலை எனக்குத்தான்.

— அப்புறம் எதுக்குடி காலையிலேர்ந்து இந்த நாடகம்? என்னைச் சிரிக்க வச்சுப் பார்க்கவா?

— இல்லைங்க. அங்க வீடு பார்த்துட்டேன். ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கறதா, ஒண்ணு போதுமான்னு மட்டும்தான் முடிவாகாம இருந்துச்சு.