தண்ணி கேக்காத பட்டிப்பூ

மோதினார், காரைதீவுப் பூமணிதான் எனக்கு இந்தப் பட்டிப்பூவப் பத்தி முதல்ல சொன்ன. கல்லோயாக் குளம் கட்டின மறுவருசம், நோம்புப் பெருநாள் கழிஞ்ச கிழமை. ஓம், அவதான், உங்கட வீட்டுக்கும் தயிர் குடுக்கிறவ. இரிங்க, பிடியரிசி எங்கயும் ஓடிப் போகாது. சோறாக்கக்குள்ள பள்ளிவாசலுக்கெண்டு ஒவ்வொரு பிடியா எடுத்துப் போட்டது, பானையில அப்படியே கிடக்கு. முதல்ல தேத்தண்ணியக் குடிங்க. என்ட மனிசன் இருக்கக்குள்ள ரெண்டு கோப்பை குடிக்காம ஆரயாவது எழும்ப விட்டாரா?

என்ன கேட்டீங்க? வேலியோரம் இவ்வளவு பூத்துக் கிடக்கு, கிணத்தடியில ஏன் ஒண்டையும் காணல்லயெண்டா? சிரிக்கிற முசுப்பாத்தியே அதுலதான் இரிக்கி.

எனக்கு வேண்டி இருந்தது ஒரே ஒண்டு. தண்ணி ஊத்த ஆளில்லாத இடத்துல, வெறும் மணல்ல, வருசம் முழுக்கப் பூக்கிற பூ. எந்த இடத்துக்கெண்டு இப்ப கேக்காதீங்க, சொல்றன். முதல்ல இந்த வாசல் மணல்ல ரோசா வெச்சுத் தண்ணி ஊத்தாமப் பாத்தன், மகள் சுஹறா சாய்ந்தமருதுல இருந்து கொண்டந்தது. சுடு கச்சான் காத்து ஒரு கிழமை அடிச்சிது, சரி, முடிஞ்சிது. மறுகா மல்லிகை. அதுவும் கருகிட்டு. கல்லோயாத் தண்ணி நாவிதன்வெளி வயலுக்கு ஓடும். நம்மட கடக்கரை மணலுக்கு ஆரு வாய்க்கால் வெட்டுற?

பூமணி சிரிச்சா. ராத்தா, எங்கட கோயில் வீதியில பட்டிப்பூ கிடக்கு, அத ஏனெண்டு கேக்க ஆளில்ல, அது பாட்டுக்குப் பூக்கிது எண்டா. அடுத்த முறை வரக்குள்ள வேரோட ஒரு கண்டும் கொண்டந்து தந்தா.

நான் என்ன செஞ்சன் தெரியுமா? கிணத்தடியில, தொழமுந்தி கைகால் கழுவி ஒளு எடுக்கிற கல்லுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நட்டன். ஒளு எடுத்த தண்ணி வீணாப் போகப்படாதே! அஞ்சு வக்துக்கும் அதுக்குத் தண்ணி. நடுச்சாமத்துல எழும்பித் தஹஜ்ஜத்துத் தொழுற நாளையில அதுக்கும் ஒரு பங்கு. இலை மஞ்சளாகி, தண்டு அழுகி, சரிஞ்சிட்டு. பூமணி வந்து பாத்திட்டு, ராத்தா, தொழுறது நீங்க, அந்தப் பாவத்த ஏன் அஞ்சு நேரமும் நனைக்கிறீங்க எண்டு கேட்டா. சிரிங்க, சிரிங்க, நானும் சிரிச்சன்.

ஆனா பாருங்க, சாகமுந்தி அது விதை போட்டிருக்கு. எறும்பு இழுத்துக்கிட்டுப் போய் வேலியோரம் விட்டிருக்கு. அங்க முளைச்சதுதான் இவ்வளவும். கை சும்மா இருக்காது, வாளியத் தூக்குவன். பூமணிட சிரிப்பு ஞாபகம் வரும், வெச்சிருவன். போன கச்சான் காத்துக்குத் தென்னம்பிள்ளையே தலையத் தொங்கப்போட்டிட்டு, இது பூத்துக்கிட்டு நிண்டிச்சி.

ஆடா? அப்துல் ஹமீட் தம்பிட ஆடு கீரையத் தின்னும், கிடுகு வேலியத் தின்னும், காயப்போட்ட சாரனையும் தின்னும். இதுல ஒரு கடி கடிச்சிது, தலைய உதறிக்கிட்டுப் போயிட்டு. அவ்வளவு கைப்பு. ஆனா வண்ணாத்திப்பூச்சிக்கு அது தேன். அந்தா, மஞ்சள் ஒண்டு வந்திட்டு. சுபஹானல்லாஹ், நூல் மாதிரி ஒரு குழாய விட்டுக் குடிக்கிறதப் பாருங்க. வேலியெண்டாலும் மதிலெண்டாலும் அதத் தடுக்க ஏலுமா?

என்ன, எழும்பிட்டீங்க? சரி, உங்களுக்கு அசறுத் தொழுகைக்கு வாங்கு சொல்ல நேரமாகுது. இந்தாங்க அரிசி. இந்தச் சிரட்டையையும் பிடிங்க. அதுக்குள்ள இருக்கிறது பட்டிப்பூக் கண்டுதான். மையவாடிய நீங்கதானே பாக்கிற. என்ட மனிசன அடக்கின கபுறு தெரியுந்தானே, நாவல் மரத்துக்கு அங்கால. பொம்புளையள் நாங்க அங்க வாறல்ல. என்ட மகன்மார் பளீலும் றஊபும் நல்ல புள்ளைகள்தான். ஒரு பூங்கண்டு வெச்சுத் தண்ணி ஊத்துங்க எண்டா, மறந்துருவானுகள். மறுகா நான் கேக்கக்குள்ள, ஊத்திட்டம், உம்மா எண்டு பொய் சொல்லுவானுகள். என்ட புள்ளைகள நான் ஏன் பொய் சொல்ல வெக்க? இதுக்கு அந்தக் கரைச்சலே இல்ல.

அவர் தனிய இருக்கேலாத மனிசன், மோதினார். றோட்டால போறவனையும் கூட்டிக்கிட்டு வந்து தேத்தண்ணி போடச் சொல்லுவாரு. பூச்சியாவது வந்து போகட்டும்.

கபுறுத் தலைமாட்டுல நட்ட மீசான் கட்டைக்குப் பக்கத்துல நட்டுடுங்க. நடுற அண்டைக்கி ஒரு கைத் தண்ணி தெளிங்க. மறுகா மறந்தும் ஊத்திராதீங்க.